சிவப்புத்தடி வேலி நடந்த வசந்தம்

ஸ்காபரோவின் கிழக்கு மூலையில், பஸ் வந்து வட்டமடித்துத் திரும்புகிற அந்தச் சின்னத் தெருவில் யாரையாவது பிடித்து உங்கள் மகளின் கலியாணம் எப்போது நடந்தது என்று கேட்டால், வேலி நடக்கிறதுக்கு முதல் வருடம் என்றோ, வேலி நடந்து அடுத்த வருடம் என்றோதான் சொல்வார்கள்; வேலி எப்படி நடந்தது என்று கேட்டால் மட்டும், அது நடந்தது, அவ்வளவுதான், நீங்கள் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கதையை மாற்றிவிடுவார்கள். அந்தத் தெருவுக்கு வேலி நடந்தது பெரிய விஷயமில்லை. நடந்த வேலி ஒரு நாள் நின்றுபோனதுதான் விஷயம், அதை நினைத்தால் அந்தத் தெருத் தவமலர் இன்றைக்கும் செய்கிற வேலையை விட்டுவிட்டு யன்னலால் எட்டிப் பார்ப்பாள்.

தவமலர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எல்லோரும் செய்கிறதைத்தான் செய்தாள். மல்லிகை வைத்தாள், முதல் பனியிலேயே அது கருகிப்போனது. செவ்வரத்தை வைத்தாள், அதுவும் போனது. கறிவேப்பிலையைச் சாடியில் வைத்து வீட்டுக்குள் பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தாள், அது ஒவ்வொரு குளிருக்கும் செத்துச் செத்துப் பிழைத்தது. பிறகு ஒரு ஏப்ரலில் நூலக வாசலில் மேசை போட்டு, இந்த மண்ணிலேயே பிறந்த மரங்கள் என்று சொல்லிக் கன்று விற்றுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் ஒரு சேர்விஸ்பெரியும், ஒரு ஸ்பைஸ்புஷ்ஷும், பெயர் வாயில் நுழையாத இன்னொரு பற்றையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அவை குளிரைக் கண்டு பயப்படவில்லை, குளிருக்காகக் காத்திருந்தன. பனி முழுக்க உருகுமுன்பே ஸ்பைஸ்புஷ்ஷின் மொட்டைக் கொப்பில் கடுகு தாளித்துச் சிதறினமாதிரி மஞ்சள் பூ வந்தது, அதற்குப் பின்னால் சேர்விஸ்பெரி இலை விரிய முதலே வெள்ளை கட்டி நின்றது, மூன்றாவது பற்றையோ பனிக்காலம் முழுக்கக் குங்குமச் சிவப்பில் தடிதடியாக நின்றுவிட்டு வசந்தம் முடிகிற நேரம் தட்டுத்தட்டாக வெள்ளைப் பூ வைத்தது. தவமலர் அதற்குச் சிவப்புத்தடி என்று பெயர் வைத்தாள், தெருவும் அப்படியே கூப்பிட்டது.

பக்கத்து வீட்டுத் தில்லையம்பலம் இதையெல்லாம் யன்னலால் பார்த்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் தானும் போய் ஒரு காட்டுப் பிளமும், ஒரு ரெட்பட்டும் வாங்கி வந்து தன் பின்வளவில் நட்டார். ரெட்பட் பலாமரம் காய்க்கிற மாதிரி அடிமரத்திலேயே பூக்கும், தோலைப் பிய்த்துக்கொண்டு ஊதா மொட்டு வரும். அதைப் பார்த்தாவது தவமலர் ஏதாவது சொல்லுவாள் என்று அவர் எதிர்பார்த்தார், அவள் சொல்லவில்லை, ஆனால் அந்த மே மாதம் முழுக்க அவள் உடுப்பு காயப்போடுகிற கொடி அவருடைய ரெட்பட் தெரிகிற பக்கமாக மாறியிருந்தது. தில்லையம்பலம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்ந்தவர், மனைவி யோகேஸ் போய்ச் சேர்ந்து கனகாலம், ஒரே மகன் துவாரகன் கல்கரியில். தவமலருக்கு முதியோர் இல்லக் குசினியில் சமையல் வேலை, ஒரே மகள் கலியாணம் முடித்து லண்டனில், புருஷன் குணபாலன் ஒரு நாள் காலையில் சப்பாத்துக் கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

அவள் அவரை அண்ணை என்று கூப்பிட்டாள், அவர் அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரு ஆணும் பெண்ணும் தனியே இருந்தால் எங்கள் ஆட்கள் முதலில் செய்கிற வேலை அதுதான், முறை சொல்லி இடையில் ஒரு மறைப்புக் கட்டிவிடுவார்கள், அதற்குப் பிறகு ஊர் நிம்மதியாக நித்திரை கொள்ளும். புருஷனைப் பெயர் சொல்லாமல் கூப்பிடுகிற பெண்களுக்கு இன்னொரு சொல் இருக்கிறது, இஞ்சருங்கோ, அந்த ஒரு சொல்லில் பெயரும் உரிமையும் செல்லமும் சிணுக்கமும் எல்லாம் அடங்கும். குணபாலன் போனபிறகு தவமலர் அந்தச் சொல்லைக் கூறைச் சேலையோடு அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அது அங்கேயே கிடந்தது.

ஒரு மார்கழிக் காற்றில் இரண்டு வளவுக்கும் நடுவில் இருந்த பலகை வேலி முழுக்கச் சரிந்து விழுந்தபோது, வேறு யாரும் ஒரு கொம்பனிக்குப் போன் பண்ணியிருப்பார்கள். தவமலர் பனி இளகும்வரை பொறுத்திருந்து, சிவப்புத்தடிப் பற்றையைக் கழித்து, வெட்டின தடிகளை ஒரு முழத்துக்கு ஒன்றாக எல்லை நெடுகக் கதியால் ஊன்றினாள். கதியால் என்றால் செத்த கம்பில்லை, ஊன்றின இடத்தில் வேர் பிடித்துத் தளிர்க்கிற உயிர்த்தடி. பூவரசிலும் கிளுவையிலும் பழகின கை, அது கனடாத் தடி என்று பார்க்கவில்லை. அந்தக் கை இன்னொன்றும் பழகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் வேலி அடைக்கிறவர்கள் கயிறு பிடித்து நேர் பார்த்துவிட்டு, கடைசி நேரத்தில் ஒரு விரற்கடை அடுத்தவன் பக்கம் தள்ளித்தான் கதியாலை இறக்குவார்கள், அதற்காக அண்ணன் தம்பி வழக்குப் போட்டுக் கோடு ஏறுவார்கள், பிள்ளைகள் பெரியவர்களாகி வழக்கு முடியும். தவமலருக்கு அந்த ஒரு விரற்கடை மண் எதற்கும் தேவையில்லை. அவளைக் கேட்காமல் கை தானாகச் செய்துவிட்டது.

தில்லையம்பலமும் அதே மண்ணில் வளர்ந்தவர், கண்டுபிடிக்க ஒரு நாள்கூட எடுக்கவில்லை.  தவமலர் வேலைக்குப் போனபிறகு இரும்பு அலவாங்கை எடுத்துவந்து, கதியால்களை ஒவ்வொன்றாக மண்ணோடு கிளப்பி, ஒரு விரற்கடை திருப்பி வைத்தார். திருப்பி வைக்கும்போது இன்னும் ஒரு விரற்கடை அவள் பக்கம் போனது. அவள் வந்து பார்த்தாள், அவர் கோயிலுக்குப் போன வெள்ளிக்கிழமை பார்த்துத் தன் வேலையைச் செய்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏப்ரலும், மண் இளகி மண்வெட்டி இறங்குகிற நாள் தொடங்கி, வேலி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்வந்தது, வேலிக்கு மேலால் இரண்டு பேரும் குளிரைப் பற்றியும் சாமான் விலையைப் பற்றியும் மரியாதையாகக் கதைத்துக்கொண்டார்கள். எத்தனை தரம் கிளப்பினாலும் அந்தத் தடிகள் வாடவில்லை. வருடத்துக்கு வருடம் சிவப்பு கூடித்தான் வந்தது.

வேலி நடந்த வருடம், தை மாதத்து ஐஸில் தில்லையம்பலம் வாசலில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். துவாரகன் கல்கரியிலிருந்து பறந்து வந்து, கட்டுப்போட்ட தகப்பனைப் பார்த்து வாசலிலேயே அழுதுவிட்டு, இனி உங்களைத் தனியே விடமாட்டேன், கோடை தொடங்கமுதல் வீட்டை விற்றுவிட்டு என்னோடு வரவேண்டும் என்று சொல்லிப்போனான். நல்ல பிள்ளை, அவன் சொன்னதில் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது, அதுதான் தவமலருக்குக் கஷ்டமாக இருந்தது. ஏப்ரல் வந்தது, மண் இளகியது, அவள் மண்வெட்டியோடு வேலிவரை போய்விட்டுத் திரும்பி வந்தாள். கைக்குக் கட்டுப்போட்ட மனிசனோடு விளையாடுவது நியாயமில்லை என்று நினைத்தாள். அந்த வருடம் வேலியை யாரும் தொடவில்லை.

சேர்விஸ்பெரி பூத்த காலை அவள் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்கதவைத் திறந்தபோது வேலி ஒரு விரற்கடை அவள் பக்கம் வந்திருந்தது. ஒற்றைக் கையோடு செய்திருக்கிறார் பார் என்று அவள் மனம் பொங்கியது. அதே நேரம் தில்லையம்பலம் தன் யன்னலில் நின்று, தவமலர் வேலியை என் பக்கம் தள்ளியிருக்கவேண்டும், கண் சரியில்லாதபடியால்தான் மறுபக்கம் தெரிகிறது, எப்படியும் அவள் என்னை மறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வேலி அவளுடைய குசினிப் படிவரை வந்து நின்றது. சேர்விஸ்பெரி, ஸ்பைஸ்புஷ், உடுப்புக் கொடி, எல்லாம் அவர் பக்கம் போய்விட்டன. மண்ணில் ஒரு கீறல் இல்லை, புல்லில் ஒரு மடிப்பில்லை, தடிகள் பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்கிறமாதிரி நின்று தளிர் விட்டுக்கொண்டிருந்தன. கட்டுப்போட்ட கை இதைச் செய்திருக்காது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, விளங்கினபிறகு அவள் செய்த முதல் வேலை, அவருடைய பக்கத்துக்குப் போய்விட்ட கொடியில் நேற்றுப் போட்ட உள்பாவாடையை என்ன செய்வது என்று யோசித்ததுதான்.

முன்வீட்டுச் சந்திராதேவிதான் தெருவில் முதல் கண்டவள். அவள் யாருடைய வீட்டில் என்ன சாமான் வந்திறங்கினாலும் கண்டுவிடுகிறவள், வேலியைக் கண்டதும் வேலை நல்ல சுத்தம், எந்தக் கொம்பனிக்குக் கொடுத்துச் செய்வித்தது, எங்களுக்கும் முன்பக்கம் கொஞ்சம் நகர்த்தவேண்டும் என்று கேட்டாள். வேலி தானாக நடந்தது என்று சொன்னபோது அவள் கொஞ்சம் ஏமாந்துபோனாள். அடுத்த நாள் வேலி திரும்பி மறுபக்கம் போய் அவருடைய கராஜ் சுவரோடு சாய்ந்து நின்றது, ரெட்பட்டும் காட்டுப் பிளமும் பூத்தது பூத்தபடியே தவமலரின் வளவுக்குள் வந்துவிட்டன, அதைப் பார்க்கத் தெரு முழுக்கத் திரண்டது. இரண்டு வீடு தள்ளியிருக்கிற ஜமெய்க்காப் பெண் மட்டும், பூக்கிற காலத்தில் எதையும் கேள்வி கேட்கக்கூடாது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வரவேண்டியவர்கள் எல்லோரும் வந்தார்கள். கோயில் ஐயர் வந்து முதல் கதியாலுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, இது கெட்ட சகுனமில்லை, ஆனால் நடக்கிற வேலிக்கு நவக்கிரகத்தில் யார் பொறுப்பு என்று பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்று சொல்லிப்போனார். நகரசபை ஆள் ஒருவர் வந்து உயரத்தை அளந்து, வேலி எவ்வளவு உயரம் நிற்கலாம் என்றுதான் சட்டமிருக்கிறது, எவ்வளவு தூரம் நடக்கலாம் என்று இல்லை என்று சொல்லி, இரண்டு பூக்கொத்தைப் படமெடுத்துக்கொண்டு போனார். நில அளவையாளர் காலையில் அளந்தது மத்தியானம் பொருந்தவில்லை, மத்தியானம் அளந்தது தேத்தண்ணி குடித்துவிட்டு வரும்போது பொருந்தவில்லை, கடைசியில் அவர் முக்காலியை மடக்கிக் காரில் போட்டுவிட்டுக் காட்டுப் பிளமுக்குக் கீழே கொஞ்ச நேரம் சும்மா படுத்திருந்தார். முதியோர் சங்கம் செவ்வாய்க்கிழமைச் சுற்றுலாவை நயாகராவிலிருந்து இந்தத் தெருவுக்கு மாற்றியது. தமிழ் வானொலியில் ஒரு காலை முழுக்க இதே கதை, மார்க்கம் நகரத்திலிருந்து ஒருவர் தொடர்பெடுத்து, எங்கள் பக்கத்து வீட்டுக்காரனும் வேலி தானாக நடந்தது என்றுதான் சொல்கிறான், ஆனால் அவன் வேலி தளிர்க்கவில்லையே என்று கேட்டார். கணவனும் மனைவியும் மேல்மாடி கீழ்மாடியாகப் பிரிந்திருக்கிற ஒரு வீட்டிலிருந்து ஆள் அனுப்பி இரண்டு தடி முறித்துப் போனார்கள். ஊன்றின தடி வேர் பிடித்தது, தளிர்த்தது, நடக்கவில்லை.

ஒரு கிழமைக்குள் எல்லோருக்கும் பழகிவிட்டது. காலையில் சந்திக்கிறவர்கள் குளிரைப் பற்றிக் கேட்கிறமாதிரி இன்றைக்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், அவள் பக்கம், அவர் பக்கம் என்று பதில் வந்தது, அதற்குள் பஸ்ஸும் வந்துவிடும். வேலி போகிற பக்கத்துக்குப் பூமரங்களும் மாறி மாறிப் போனபடியால், யார் நட்டது யாருடையது என்ற கணக்கே விட்டுப்போனது. அவள் அவருடைய ரெட்பட்டுக்குத் தண்ணி விட்டாள், அவர் அவளுடைய ஸ்பைஸ்புஷ்ஷில் காய்ந்த கொப்பை ஒற்றைக் கையால் முறித்தார். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை.

காட்டுப் பிளம் தேன்வாசம் அடித்துக்கொண்டு நின்ற ஒரு சனிக்கிழமை, தில்லையம்பலம் தன் கதிரையைப் போட்டு மரத்துக்குக் கீழே இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். தவமலர் குசினியில் வெங்காயம் வெட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது வேலி அவருக்குப் பின்னால் நின்றது. அவர் கதிரையோடு, பேப்பரோடு, மூக்குக்கண்ணாடியோடு அவளுடைய வளவுக்குள் இருந்தார். இத்தனை வருடத்தில் அவர் அவளுடைய படி மிதித்ததில்லை, குணபாலனின் செத்தவீட்டுக்குக்கூட வாசலில் நின்று தலையை ஆட்டிவிட்டுப் போனவர். அவள் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அண்ணை, நீங்கள் எங்கட வளவுக்குள்ள இருக்கிறியள்."

"நான் அசையேல்லைத் தங்கச்சி. இருந்த இடத்திலதான் இருக்கிறன். வேலிதான் என்னைச் சுத்திக்கொண்டு போனது."

அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. வந்த ஆளைத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பினால்தான் பிழை. அவள் உள்ளே போய்ச் சாயம் ஊற்றிக்கொண்டு வந்தாள், சீனி போடவில்லை, அவருக்குச் சீனி ஆகாது என்று எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அவள் படியில் இருந்தாள். பிளம் பூ ஒவ்வொன்றாகக் கோப்பைக்குள் விழுந்தது, அவர் அதை எடுத்துப் போடாமல் ஊதி ஒதுக்கிக் குடித்தார்.

"ஒண்டு கேக்கட்டோ?" என்றார். "கதியாலை முதல் அரக்கி நகர்த்தினது ஆர்?"

"நீங்கள்தான்."

"நான் திருப்பி வச்சனான். அரக்கினது நீர்."

தவமலர் சிரித்தாள். முதியோர் இல்லத்தில் சிரிக்கிற சிரிப்பில்லை, கையால் வாயைப் பொத்தவேண்டி வருகிற சிரிப்பு, வேலிக்கு அந்தப் பக்கம் பூனையொன்று திரும்பிப் பார்த்தது. இந்த மனிசன் போனால் நான் ஆரோடு சண்டை பிடிப்பேன் என்று அவளுக்கு அப்போதுதான் நெஞ்சுக்குள் வந்தது, வந்தவுடன் சிரிப்பு நின்றது. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது அந்தச் சனிக்கிழமைதான், வெங்காயக் கையோடு, படியில் இருந்தபடி. வெளியே சொல்ல வாய் திறந்தால் அண்ணை என்றுதான் தொடங்கவேண்டும், அண்ணை என்று தொடங்கினால் அந்தக் கதையை முடிக்க முடியாது.

அடுத்த கிழமை, பஸ் நிறுத்த வாங்குப் பலகைகளிலெல்லாம் தன் சிரித்த முகத்தை ஒட்டி வைத்திருக்கிற வீடு விற்கிற ஜெயசீலன், துவாரகன் சொல்லிவிட்டான் என்று வந்து, தில்லையம்பலத்தின் முன் புல்லில் விற்பனைக் கம்பத்தை அடித்து இறக்கினார். கடையில் வாங்கின வெள்ளைப் பெயின்ட் அடித்த கம்பம்; நாலு நாளில் பெயின்ட் வெடித்து மொட்டு வந்தது, ஏழாம் நாள் ஜெயசீலனின் படத்துக்கு மேலால் வெள்ளைக் கொத்தாகப் பூத்து அவருடைய மூக்கையும் போன் இலக்கத்தையும் மறைத்தது. வீடு பார்க்க வந்தவர்கள் வீட்டைப் பிடித்திருக்கிறது என்றார்கள், வளவு எதுவரை என்று கேட்டார்கள், ஜெயசீலன் வேலியைத் திரும்பிப் பார்த்தார், வேலி அந்த நேரத்தில் தில்லையம்பலத்தின் பின்கதவில் முட்டிக்கொண்டு நின்றது. பத்து வருடமாக வீடு விற்கிறேன், கூரை ஒழுகுகிற வீடு விற்றிருக்கிறேன், பேய் இருக்கிறதென்று சொன்ன வீடும் விற்றிருக்கிறேன், எல்லை நிற்காத வீட்டை எப்படி விற்கிறது என்று அவர் சந்திராதேவியிடம் சொல்லிக் கவலைப்பட்டார். சந்திராதேவி அதைத் தெருவுக்குச் சொன்னாள். தவமலர் கேட்டுவிட்டு அன்றைக்கு ஒரு பிடி அரிசி கூடப் போட்டுச் சோறு வடித்தாள்.

ஆனி மாதம் பிறந்தவுடன் துவாரகன் வந்தான். சிவப்புத்தடிகள் அப்போது தலை நிறையத் தட்டுத்தட்டாகப் பூத்து, எந்தப் பக்கம் போனாலும் தேனீயையும் கூட்டிக்கொண்டு போன காலம். அவன் வேலியை ஒரு நாள் முழுக்கப் பார்த்தான், அதில் அதிசயப்படவில்லை, களைத்துப்போய்த் தவமலரின் கதவைத் தட்டினான். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து மேசையில் இருந்தான். அப்பா விழுந்த அன்றைக்கு எத்தனை மணிநேரம் ஐஸில் கிடந்தார் என்று அவனுக்குத் தெரியாதாம், அவர் சொல்கிறார் இல்லையாம், பிள்ளையைப் பள்ளிக்கூடம் விடப் போகிற வழியில் ஒரு போன் வந்தால் அது அப்பாவைப் பற்றிய செய்திதான் என்று எடுக்கப் பயமாம். "நீங்கள் ஒருக்காச் சொன்னால் அப்பா கேப்பார் அன்ரி," என்றான். "உங்கட சொல்லைத்தான் கேப்பார்."

அவள் அவனுக்குச் சாப்பாடு போட்டாள். அவன், கோயில் அன்னதானத்தில் அவள் கண்ட தகப்பனைப் போலவே, சோற்றுக் கோப்பையின் ஓரத்திலிருந்து தொடங்கி நடுவுக்குச் சாப்பிட்டான். ஒரு பிள்ளை தகப்பனைக் கேட்கிறது, நான் ஆர் மறிக்கிறதுக்கு, என்ன முறையில் மறிக்கிறது என்று அவள் தனக்குள் கேட்டாள். பின்னேரம் வேலியடிக்குப் போனாள். தில்லையம்பலம் அங்கே ஏற்கெனவே நின்றார், கட்டு அவிழ்த்த கையைப் பூக்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, மகன் எங்கே போய்வந்தான் என்று தெரிந்துகொண்டு.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் தங்கச்சி என்று சேர்க்கவில்லை, அவள் அதைக் கவனித்தாள், கவனித்ததால் பயந்துபோனாள்.

"பிள்ளை கூப்பிடேக்க போறதுதானே அண்ணை முறை," என்றாள். "இஞ்ச உங்களுக்கு ஆர் இருக்கினம்."

அவர் கையைப் பூக்களுக்குள்ளிருந்து எடுத்தார். "அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் காலை வேலி எல்லையில் நின்றது. நில அளவையாளரின் நூல் பிடித்தால் நூல் தோற்றுப்போகும், அவ்வளவு நேர், ஒரு விரற்கடைகூட இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை. பூ எல்லாம் கொட்டியிருந்தது, கோடு இழுத்தமாதிரி வெள்ளையாக. அதற்கடுத்த நாளும் அங்கேயே நின்றது, அதற்கடுத்த நாளும். முன்பக்கக் கம்பமும் காய்ந்து, ஜெயசீலனின் மூக்கு திரும்ப வெளியே வந்தது. வீடு உடனே விலை படிந்துவிட்டது, ஒரு இளம் குடும்பம் கைகொடுத்துவிட்டுப் போனது, எழுத்து மட்டும்தான் மிச்சம். ஒரு ஒழுங்குக்கு வந்துவிட்டது, நல்ல காலம் என்று எல்லோரும் சொன்னார்கள், சொன்னபிறகு ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் விலகினார்கள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்குக் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. முதியோர் சங்கம் திரும்பவும் நயாகராவுக்குப் போனது. தவமலர் வேலைக்குப் போனாள், வந்தாள், நேராக நிற்கிற அந்த வேலியைப் பார்க்கமாட்டாமல் குசினி யன்னலுக்குத் துணி தொங்கவிட்டாள். சேர்விஸ்பெரி பழுத்தது, பறிக்கவில்லை, குருவிகள் தின்றன.

தில்லையம்பலம் கல்கரிக்குப் புறப்படுகிற நாள், மத்தியான வெயிலில் தெரு முழுக்க முன் புல்லில் நின்றது. துவாரகன் பெட்டிகளைக் காரில் ஏற்றினான். தில்லையம்பலம் கோட்டுப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கைகொடுத்து, போய்விட்டு வருகிறேன் என்று போகிறவர்கள் எல்லோரும் சொல்கிற மாதிரி, போட்டு வாறன், போட்டு வாறன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சந்திராதேவியிடம் சொன்னார், ஐயரிடம் சொன்னார், ஜமெய்க்காப் பெண்ணிடமும் தமிழிலேயே சொன்னார், அவள் தலையாட்டினாள். தவமலரின் வாசலில் வந்து மணி அடித்தார். கதவு திறக்கவில்லை. திரும்ப அடித்தார். கொஞ்சநேரம் நின்றுவிட்டு, கோட்டுப் பையில் கைபோட்டுக்கொண்டு காருக்கு நடந்தார், கால் சுணங்கிச் சுணங்கித்தான் போனது.

தவமலர் பின்வளவில் இருந்தாள். மணி அடித்தது அவளுக்குக் கேட்டது. அவள் மண்வெட்டியோடு வேலி நடுவில் முழங்காலில் இருந்தாள். ஏப்ரலில் கிளப்பவேண்டிய கதியாலை வெயில் காலத்தில் கிளப்பினால் பட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்துகொண்டே ஒரு தடியைச் சுற்றி வெட்டி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அந்தத் தடி அவளுடைய முதல் கதியால், வேர் கையளவு போயிருந்தது, வரமாட்டேன் என்றது. அவள் அழுதுகொண்டே இழுத்தாள். அது வந்தது. ஒரு விரற்கடை அவர் பக்கம் தள்ளி இறக்கி, காலால் மண்ணை மிதித்தாள். காரின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவளுக்கு வாய் வரை அண்ணை வந்தது, அதை விழுங்கினாள். அதற்குக் கீழே, கூறைச் சேலைக்குப் பக்கத்தில் இத்தனை வருடம் கிடந்ததை எடுத்தாள், எடுத்துத் தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

"இஞ்சருங்கோ."

ஓடத் தொடங்கின கார் நின்றது. சந்திராதேவி வாயில் கைவைத்தாள். பக்கத்தில் நின்றவர்கள் அவளுடைய முகத்தைப் பார்த்தார்கள், ஐயர் சால்வையைச் சரிசெய்தார். அந்தச் சொல்லைக் கேட்டபிறகு விளக்கம் கேட்கிறவன் தமிழனில்லை.

"இஞ்சருங்கோ, வேலி ஒரு விரற்கடை உங்கட பக்கம் வந்திட்டுது. வந்து பாருங்கோ."

துவாரகன் ஸ்ரியறிங்கில் கைவைத்தபடி இருந்தான். கனடாவில் வளர்ந்த பிள்ளை, அவனுக்கு முறையும் தெரியாது கதியாலும் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியும். அவன் சின்னப்பிள்ளையாக இருக்கும்போது அவனுடைய அம்மா யோகேஸ் குசினியிலிருந்து அப்படித்தான் அப்பாவைக் கூப்பிடுவாள், அப்பா எந்த அறையில் இருந்தாலும் செய்கிற வேலையைப் போட்டுவிட்டு எழும்புவார். அவன் திரும்பித் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் ஏற்கெனவே கதவைத் திறந்துகொண்டிருந்தார், கட்டு அவிழ்த்த கையால், அது நோகிறதென்று மறந்துபோய். துவாரகன் கார்ச் சாவியை முறுக்கி நிறுத்தினான்.

தில்லையம்பலம் கோட்டோடு, பெட்டி இல்லாமல், இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள ஒழுங்கையால் பின்வளவுக்கு நடந்தார். அன்றைக்குத் தெரு முழுக்கப் போட்டு வாறன் என்று சொன்னவர், இப்போது அதில் பாதியை விட்டுவிட்டார்.

"வாறன்," என்றார்.

அடுத்த நாள் காலை வேலி நடுவில் இல்லை. அது இரண்டு வீட்டையும் வெளியால் சுற்றி, சேர்விஸ்பெரியையும் ரெட்பட்டையும் காட்டுப் பிளமையும் ஸ்பைஸ்புஷ்ஷையும் உடுப்புக் கொடியையும் ஒரே வளவாக உள்ளே வைத்துக்கொண்டு, முன்பக்கம் வாசலுக்கு ஒரு படலை போடுகிற அளவுக்கு இடைவெளி விட்டு நின்றது. வாங்க வந்த குடும்பம் பார்த்துவிட்டு, எங்களுக்கு அரை வளவு வேண்டாம் என்று ஏஜாக்ஸ் பக்கம் வீடு எடுத்தது, ஜெயசீலன்தான் அதையும் எடுத்துக்கொடுத்தார். கலியாணம் கட்டினதா இல்லையா என்று முதல் மாதம் தெருவில் கொஞ்சம் கதை இருந்தது, பிறகு படலை எந்த மரத்தில் போடுகிறது என்பது பெரிய கதையாகி முந்தினது மறந்துபோனது. துவாரகன் தனியே கல்கரிக்குப் போனான், இப்போது போன் வந்தால் பயமில்லாமல் எடுக்கிறானாம், ஒவ்வொரு வருடமும் பழம் பறிக்கப் பிள்ளைகளோடு வருகிறான்.

கிளப்பின கதியால் பட்டுப்போகவில்லை. வேலி அதற்குப் பிறகு ஒரு நாளும் தானாக நடந்ததில்லை என்றுதான் தெரு சொல்கிறது. ஆனால் ஒவ்வொரு ஏப்ரலும், மண் இளகினவுடன், அது ஒரு விரற்கடை நகரசபையின் நடைபாதைப் பக்கம் தள்ளி நிற்கிறது. யார் செய்தது என்று கேட்டால் தவமலர் வேலியைக் காட்டுகிறாள், தில்லையம்பலமும் வேலியைத்தான் காட்டுகிறார், காட்டுகிற இரண்டு விரலின் நகத்துக்குள்ளும் மண் இருக்கிறது.